விதைநெல்லைக் காப்போம்!

(தர்மபுரத்தில் கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



மொழியுரிமை பற்றியும் காணியுரிமை பற்றியும் இத்தகைய மேடைகளிலே நாம் பலகாலும் பேசியிருக்கிறோம். இன்று பேச வந்த பொருள் வேறு. பணத்தைச் சேமிப்பது எப்படி, சேமித்ததைப் பெருக்குவது எப்படி என்பதே அது.

அரசியல் மேடைக்கு இது ஏற்ற பொருள்தானா என்று சிலர் கேட்கலாம். அவர்களிடம் நாம் திருப்பிக் கேட்பது இதுதான். வீட்டிலே ஒரு மாதச் செலவுக்குக் கையிருப்பு இல்லாத தொழிலாளி வேலைநிறுத்தத்திலே எத்தனை நாள் உறுதியாக நிற்பான்? கடன்காரனுக்கு அஞ்சிக் களத்துமேட்டிலேயே நெல்லை விற்றுவிடும் கமக்காரன் நியாய விலை கேட்டுப் போராடுவது எங்ஙனம்? உரிமை கேட்டு உயரும் கையே கடன் கேட்டு நீளும் கையாகவும் இருந்தால், அந்தக் கையை மடக்குவது எவர்க்கும் எளிது. ஆகவே இதுவும் அரசியலே!

"சேர்த்தது போயிற்றே!"

சேமிப்பைப் பற்றி வன்னியிலே பேச வருபவன் முதலில் ஒரு கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும். "சேமித்துத்தான் வைத்திருந்தோம். என்ன கண்டோம்? 2009இல் எல்லாம் போயிற்று. எஞ்சியதைக் கொண்டு மீண்டும் சிறுகச் சிறுகச் சேர்த்தோம். 2022இல் அதுவும் கரைந்து போயிற்று. இனி எதற்காகச் சேமிப்பது? வருவதை உண்டு உடுத்து முடிப்பதே புத்தியன்றோ?" என்பதே அக்கேள்வி.

இது சோம்பேறியின் கேள்வியன்று. வெந்த நெஞ்சின் கேள்வி. காடு வெட்டிக் கழனியாக்கிய மண் இது. 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களால் விரட்டப்பட்டவர்களுக்கு இடங்கொடுத்த மண் வன்னி. 2009 தொடக்கத்திலே பரந்தன்–முல்லைத்தீவு வீதி வழியே கிழக்கு நோக்கி நடந்து, முள்ளிவாய்க்கால் வரை சென்று, செட்டிகுளம் முகாம்களிலே உடுத்த உடையோடு நின்ற மக்களின் ஊர்களுள் இதுவும் ஒன்று. அத்தகைய மக்களிடம் வந்து, "சிக்கனமாயிருங்கள்" என்று வெறும் உபதேசம் செய்வது பாவம்.

எனினும், இழந்ததை இழந்தோம். இழந்த காரணத்தையும் அறியாமலிருந்தால் அது இரண்டாவது இழப்பாகும். அன்று நம்மவரின் செல்வம் எவ்வடிவிலே இருந்தது? காணி, வீடு, மாடு, உழவு இயந்திரம், கழுத்திலே நகை. அனைத்தும் ஒரே நிலப்பரப்பிலே இருந்தன. 1994இல் தொடங்கப்பட்டு 2009 வரை இயங்கிய தமிழீழ வைப்பகத்திலே பலர் பணம் வைத்திருந்தனர். நகைகளை அடைவு வைத்திருந்தனர். போரோடு வைப்பகம் மறைந்தது. வைத்தவருக்குப் பொறுப்புச் சொல்ல எவரும் எஞ்சவில்லை. போர்க்காலத்திலே கைப்பற்றப்பட்ட தங்கத்தில் ஒரு பகுதியை இராணுவம் 2025 மே மாதத்திலேதான் பொலிசாரிடம் ஒப்படைத்தது. அதிலே தமக்கும் பங்குண்டு என்று நிறுவுவதற்குப் பற்றுச்சீட்டைக் காத்து வைத்திருப்போர் எத்தனை பேர்?

இதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் சேமிப்பைக் கைவிடுவதன்று. சேமிப்பை எத்தனை கூறாகப் பிரிப்பது, எங்கே வைப்பது, எவர் பொறுப்பிலே வைப்பது, எந்தச் சான்றோடு வைப்பது என்பனவே பாடம். இன்றைய உரையின் சாரம் இவ்வளவே. மற்றவையெல்லாம் இதன் விரிவு.

மிச்சம் என்பது சேமிப்பாகாது

செலவு போக மிஞ்சுவதே சேமிப்பு என்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். மாதக் கடைசியிலே பார்த்தால் எதுவும் மிஞ்சுவதில்லை. "வருமானம் போதாது, எப்படிச் சேமிப்பது?" என்று கைவிரிக்கின்றனர்.

கமக்காரரைக் கேட்போம். அறுவடை முடிந்ததும் விதைநெல்லை எப்பொழுது எடுத்து வைக்கிறீர்கள்? உண்டதுபோக எஞ்சியதையா விதைக்கிறீர்கள்? இல்லை! களத்திலிருந்து மூட்டை வீட்டுக்கு வந்தவுடன் விதைக்குரியது தனியே போய்விடுகிறது. எத்தனை முடை வந்தாலும் அதிலே கைவைப்பதில்லை. விதைநெல்லைக் குத்தித் தின்பவன் அடுத்த போகத்தைத் தின்பவன் என்பதை நம் பாட்டன்மார் அறிந்திருந்தனர். நெல்லுக்கு நாம் செய்வதைப் பணத்துக்கும் செய்ய வேண்டும். வருமானம் கைக்கு வந்த அன்றே ஒரு கூறு ஒதுங்கிவிட வேண்டும். பத்திலொன்று இயலுமாயின் நன்று, இயலாதாயின் இருபதிலொன்று. அதுவும் இயலாதோர்க்குப் பிடியரிசி காட்டும் வழி உண்டு. உலை வைக்கும்போது ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையிலிட்ட தாய்மார், கோயிலையும் பள்ளியையும் நடத்தத் துணைநின்றது நம் சரித்திரம்.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரு கமக்காரர் காலபோகத்திலே 30,000 ரூபாவும் சிறுபோகத்திலே 30,000 ரூபாவுமாக ஆண்டுக்கு 60,000 ரூபா ஒதுக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 8 வட்டி என்று கணக்குக்காகக் கொள்வோம். வட்டியை எடுக்காமல் முதலோடு சேரவிட்டால், பத்தாண்டிலே அவர் இட்ட 6 இலட்சம் ஏறத்தாழ 8 இலட்சத்து 69 ஆயிரமாகிறது. இருபது ஆண்டிலோ, இட்ட 12 இலட்சம் 27 இலட்சத்து 45 ஆயிரமாகிறது! முதற் பத்தாண்டிலும் பிற்பத்தாண்டு பன்மடங்கு தருகிறது. வட்டி குட்டி போடும் என்பது இதுவே. இதிலே அதிகம் உழைப்பது பணமன்று, காலம். ஆகவே பெரிய தொகை வரட்டும் என்று காத்திருப்பதினும், சிறிய தொகையை இன்றே தொடங்குவது மேல்.

இன்னுமொரு எளிய சூத்திரம் உண்டு. 72 என்னும் எண்ணை வட்டி வீதத்தால் வகுத்தால், பணம் இரட்டிப்பதற்கு ஏறத்தாழ எத்தனை ஆண்டு செல்லும் என்பது கிடைக்கும். நூற்றுக்கு 8 என்றால் 9 ஆண்டு. நூற்றுக்கு 12 என்றால் 6 ஆண்டு.

உடைந்த வான்கதவு

குட்டி போடும் வட்டி நமக்கு மட்டுமா போடும்? கடன் கொடுத்தவனுக்கும் போடும். நூற்றுக்கு 36 வட்டிக்கு வாங்கிய கடனை அடைக்காமல் விட்டால் இரண்டாண்டு சொச்சத்திலே அது இரட்டிக்கும். குளத்திலே வான்கதவு உடைந்து நீர் ஓடும்போது, வாய்க்கால் வெட்டி மேலும் நீர் கொண்டுவர எவரும் முனைவதில்லை. முதலில் உடைப்பை அடைப்பார்கள். மிகு வட்டிக் கடனை அடைப்பதே முதலாவது முதலீடு. நூற்றுக்கு 36 வட்டிக் கடனை அடைப்பவர் நூற்றுக்கு 36 இலாபம் ஈட்டியவரே ஆவார். அந்த இலாபத்தை நிச்சயமாகத் தரும் வங்கி எங்கும் இல்லை.

போருக்குப் பின்னர் வன்னியிலே வீடுதோறும் வந்து நின்ற நுண்நிதிக் கடன்களை நாம் அறிவோம். 2018 செப்டெம்பரிலே இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகள் சபையின் வெளிநாட்டுக் கடன் பற்றிய சுயாதீன நிபுணர் யுவான் பப்லோ பொகோஸ்லாவ்ஸ்கி, இக்கடன்களிலே ஆண்டு வட்டி நூற்றுக்கு 220 வரையும் சென்றதை எடுத்துரைத்தார். அதே ஆண்டு அரசாங்கம், வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களிலே ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் கடன்களுக்கு நிவாரணம் அறிவித்தது. ஆண்டு வட்டிக்கு நூற்றுக்கு 35 என்று வரம்பும் விதித்தது. வரம்பே 35 என்றால், வரம்பில்லாத காலத்திலே நம் சகோதரிகள் செலுத்தியது எவ்வளவு!

வட்டிக் கணக்கிலே ஒரு சூட்சுமம் உண்டு. அதை ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். "50,000 ரூபா கடன், மாத வட்டி நூற்றுக்கு 2, பன்னிரண்டு தவணை" என்கிறார்கள். மாதம் 1,000 ரூபா வட்டி, ஆண்டுக்கு 12,000, மொத்தம் 62,000, தவணை 5,167 ரூபா. கேட்பதற்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 24 போலத் தோன்றும். ஆனால் 50,000 ரூபா ஆண்டு முழுவதும் நம் கையிலா இருக்கிறது? மாதந்தோறும் முதலிலும் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறோமே! ஆறாவது தவணையோடு முதலிலே பாதி போய்விடுகிறது; வட்டியோ முழுத்தொகைக்கும் அறவிடப்படுகிறது. உண்மையான வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 40க்கும் மேல். ஆகவே கையொப்பமிடும் முன்னர், "குறைந்து செல்லும் மீதிக்கு வட்டியா, முழுத்தொகைக்கும் வட்டியா?" என்று கேளுங்கள். விடையை எழுத்திலே பெறுங்கள். மீற்றர் வட்டியைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? நூறு ரூபாவுக்கு நாளொன்றுக்கு ஒரு ரூபா என்றால், ஆண்டுக்கு நூற்றுக்கு 365!

எல்லாக் கடனும் தீது என்று நாம் சொல்லவில்லை. கிணறு வெட்டவும், இயந்திரம் வாங்கவும், பிள்ளையைப் படிப்பிக்கவும் வாங்கும் கடன், வருவாயைப் பெருக்கித் தன்னைத் தானே அடைக்கக் கூடும். சாமத்தியச் சடங்குக்கும் ஊர் மெச்சும் பந்தலுக்கும் வாங்கும் கடனை எது அடைக்கும்?

ஒரு போகத்துக் கையிருப்பு

கடனுடைப்பை அடைத்த பின்னர் அடுத்த படி கையிருப்பு. மாதச் சம்பளம் பெறுவோர்க்கு மூன்று முதல் ஆறு மாதச் செலவுக்குரிய பணம். கமக்காரர்க்கு ஒரு போகம் பொய்த்தாலும் வீட்டை நடத்தி மறுபோகம் விதைக்கப் போதிய பணம். 2018 டிசெம்பரிலே கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் வெள்ளம் மூடியது. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசாங்கம் திடீரெனத் தடைசெய்தது. முன்னது வானத்தின் செயல்; பின்னது கொழும்பின் செயல். இரண்டையும் நம்மால் தடுக்க முடியவில்லை. ஆனால் கையிருப்பு உள்ளவர் அடுத்த போகத்துக்கு விதைத்தார். இல்லாதவர் கடன் தேடி அலைந்தார். இந்தக் கையிருப்பு கேட்டவுடன் எடுக்கக் கூடியதாய் இருத்தல் வேண்டும். வட்டி குறைந்தாலும் வங்கியின் சேமிப்புக் கணக்கே அதற்கு ஏற்ற இடம்.

சேமிப்பும் முதலீடும்

சேமிப்பு என்பது பணத்தைக் காப்பது. முதலீடு என்பது பணத்தை வேலைக்கு அனுப்புவது. வேலைக்குப் போகும் பிள்ளை சம்பளத்தோடும் வரலாம், காயத்தோடும் வரலாம். ஆகவே கையிருப்பு முழுமையான பின்னரே முதலீடு.

அங்ஙனமாயின் எல்லாவற்றையும் வீட்டுப் பெட்டியிலே பூட்டி வைத்தால் என்ன? 2022 செப்டெம்பரை நினைத்துப் பாருங்கள். தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி அவ்வாண்டுப் பணவீக்கம் நூற்றுக்கு 73.7. ஓராண்டு முன்னர் பெட்டியிலே பூட்டிய ஒரு இலட்சம் ரூபா, திறந்தபோது பழைய 57,600 ரூபாவின் வேலையைத்தான் செய்தது. பெட்டி உடைபடவில்லை, பூட்டும் அப்படியே இருந்தது, திருடனோ உள்ளே புகுந்து போய்விட்டான்! விலைவாசி ஏற்றத்தோடு சேர்ந்து வளராத பணம் தேய்கின்ற பணம். வட்டி நூற்றுக்கு 8, விலையேற்றம் நூற்றுக்கு 5 என்றால் உண்மையான வருவாய் ஏறத்தாழ 3 மட்டுமே.

இனி, பணம் செல்லக்கூடிய இடங்களைப் பார்ப்போம்.

வங்கிகளின் நிலையான வைப்பு முதலாவது. வருவாய் மிதமானது, நிச்சயமானது. தேசிய சேமிப்பு வங்கியிலுள்ள வைப்புகளுக்குச் சட்டப்படி அரசாங்கமே பொறுப்பு. வைப்பு வட்டியிலே 2025 ஏப்ரல் முதல் நூற்றுக்கு 10 முன்வரியாகக் கழிக்கப்படுகிறது. ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்கு உட்பட்டவர்கள் வங்கியிலே உறுதிப்பத்திரம் கொடுத்து அக்கழிவைத் தவிர்க்கலாம் என்பதை முதியோருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

திறைசேரி உண்டியல் இரண்டாவது. அரசாங்கத்துக்கு 91, 182 அல்லது 364 நாட்களுக்கு நாம் கொடுக்கும் கடன் அது.

கம்பனிப் பங்குகள் மூன்றாவது. பங்கு வாங்குபவர் கம்பனியின் ஒரு துண்டுக்கு உடைமையாளர். இலாபத்திலும் நட்டத்திலும் அவருக்குப் பங்குண்டு. ஐந்தாண்டுக்குள் தேவைப்படும் பணத்தை அங்கே கொண்டு செல்லலாகாது. ஒரே கம்பனியிலே அனைத்தையும் இடுவதும் கூடாது.

தங்கம் நான்காவது. அவசரத்துக்கு அடைவு வைக்க உதவும். ரூபா வீழும்போது தாங்கும். ஆனால் நகையாக வாங்கினால் செய்கூலியும் சேதாரமும் திரும்பி வாரா. பெட்டியிலிருக்கும் தங்கம் வட்டியும் ஈனாது.

காணியும் தொழிற்கருவியும் ஐந்தாவது. கமக்காரர்க்கு நல்ல கிணறும், நெல்லை விலையேறும்வரை காக்கும் களஞ்சியமும் எந்தப் பங்குக்கும் தாழ்ந்த முதலீடுகள் அல்ல.

சம்பளம் பெறும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி தொழிலாளி நூற்றுக்கு 8ம், தொழில் கொடுப்போர் நூற்றுக்கு 12ம் செலுத்த வேண்டும். தனியார் நிறுவனங்களிலே பணிபுரிவோர், அது உண்மையிலேயே செலுத்தப்படுகிறதா என்று விசாரித்தறியுங்கள். அது சலுகையன்று; உங்கள் ஊதியம். கமக்காரர்க்கு அத்தகைய நிதியைச் செலுத்தும் முதலாளி இல்லை. அவர் தமக்குத் தாமே முதலாளியாய் நின்று செலுத்த வேண்டும்.

மூன்று கேள்விகள்

எவர் வந்து, எங்கே பணம் போடச் சொன்னாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பணம் எவர் கையிலே இருக்கும்? அவர் வீழ்ந்தால் எவர் பொறுப்பு? நான் கேட்கும் அன்று திருப்பித் தருவாரா?

2008 டிசெம்பரிலே கொழும்பின் கோல்டன் கீ கடனட்டைக் கம்பனி வீழ்ந்தபோது, வைப்பேற்கும் அனுமதி அதற்கு இருக்கவில்லை என்பதை வைப்பாளர்கள் காலந்தாழ்த்தியே உணர்ந்தனர். 2020இல் த பினான்ஸ் கம்பனியினதும் ஈ.ரி.ஐ. நிறுவனத்தினதும் அனுமதிகளை மத்திய வங்கி நீக்கியது. அவை அனுமதி பெற்றிருந்தவை. ஆதலால் வைப்புக் காப்புறுதி அளித்த அளவுக்கேனும் பணம் கிடைத்தது. 2021 முதல் அக்காப்புறுதி ஒரு நிறுவனத்திலே ஒருவருக்கு 11 இலட்சம் ரூபா வரை. அதற்கு மேற்பட்ட தொகை உடையவர்கள் இரண்டு மூன்று நிறுவனங்களிலே பிரித்து வைப்பதே விவேகம்.

கடல் கடந்தும் இதே கதைதான். சென்னையிலே ஆருத்ரா என்னும் நிறுவனம் மாதம் நூற்றுக்கு 25, 30 என்று ஆசை காட்டி ஏறத்தாழ ஒரு இலட்சம் பேரிடம் 2,400 கோடி ரூபாவுக்கு மேல் திரட்டியதாக 2022இல் வழக்குப் பதிவாயிற்று. மாதம் நூற்றுக்கு 25 இலாபம் தரும் தொழில் ஒருவனிடம் இருந்தால், நம் வீட்டுப் படலையைத் தட்டிப் பணம் கேட்பானேன்? ஆளைச் சேர்த்தால் பணம் என்னும் பிரமிட்டுத் திட்டங்களை வங்கித்தொழிற் சட்டம் தடைசெய்துள்ளது. அதிலே சேர்வது நட்டம். பிறரைச் சேர்ப்பது குற்றம்.

கடுதாசியும் செல்வமே

சட்டம் கற்றவர்கள் என்ற முறையிலே ஒன்று சொல்வோம். சான்று இல்லாத சொத்து பாதிச் சொத்து. கணக்குப் புத்தகம், வைப்புச் சான்றிதழ், அடைவுச் சீட்டு, காணி அனுமதிப்பத்திரம் ஆகியவற்றின் பிரதிகளை வேறோர் ஊரிலுள்ள உறவினரிடமும் கைத்தொலைபேசியிலும் வைத்திருங்கள். வங்கிக் கணக்கிலே உங்களுக்குப் பின் உரியவரின் பெயரைக் குறித்து வையுங்கள். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான அனுமதிப்பத்திரக் காணிக்குப் பின்னுரித்தாளியை நியமிக்க மறவாதீர்கள். கணவனைத் தேடிக் கண்ணீரோடு நிற்கும் பெண், அவன் பெயரிலுள்ள கணக்குக்காகவும் படியேறி இறங்கியதை இந்நாடு கண்டது. இறந்தார் என்று ஒப்ப மனமின்றி மரணச் சான்றிதழை மறுத்த குடும்பங்களுக்காக, காணாமற்போனவர் என்பதற்கான சான்றிதழ் 2016இல்தான் சட்டமாயிற்று. முன்னமே பெயர் குறித்திருந்தால், துயரத்தோடு அலைச்சலும் சேர்ந்திராது.

கூடிச் சேர்த்த பணம்

தனிமரம் தோப்பாகாது. 1844இல் இங்கிலாந்தின் ரொச்டேல் நெசவாளரும், பின்னர் செருமனியில் ரைபைசன் வழிநின்ற உழவரும் கண்ட கூட்டுறவு வழி, 1911ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்தோடு இலங்கைக்கு வந்தது. வடபுலத்திலே அது வேரூன்றிய கதை பெருமைக்குரியது. மூளாயிலே 1930களில் கூட்டுறவு மருத்துவமனையையே மக்கள் எழுப்பினர். அவ்வியக்கத்தை வளர்த்தவருள் முதன்மையான வீரசிங்கம் அவர்களின் பெயரை யாழ்ப்பாணத்து மண்டபம் இன்றும் தாங்கி நிற்கிறது. அவர்கள் கையிலே இருந்தவை சிறு தொகைகளே. ஒருவரையொருவர் அறிந்திருந்தமையே அவர்களின் மூலதனம்.

சிக்கன கடனுதவுச் சங்கத்திலே சேமிப்பவரும் அயலவர், கடன் பெறுபவரும் அயலவர். வட்டி ஊரைவிட்டு ஓடுவதில்லை. ஆயினும் ஒன்றை ஒளிக்காமல் சொல்வோம். கூட்டுறவுச் சங்கங்களின் வைப்புகள் மேலே சொன்ன காப்புறுதிக்குள் அடங்கா. அங்கே காப்புறுதி அங்கத்தவரின் விழிப்பே. ஆண்டுக் கூட்டத்துக்குச் செல்லுங்கள். கணக்காய்வு அறிக்கையை வாசிக்கச் சொல்லுங்கள். நிலுவைக் கடன் எவர் பெயரிலே நிற்கிறது என்று எழுந்து கேளுங்கள். கூட்டுறவு மாகாண சபைக்குரிய விடயம். அந்த அதிகாரத்தைக் கொழும்பிடம் கேட்கும் நாம், நம் சங்கத்தின் கணக்கை நம் தலைவரிடம் கேட்கத் தயங்கலாமா?

வெளிநாட்டிலே பனியிலும் இரவுப் பணியிலும் உழைத்து நம் உறவினர் அனுப்பும் பணத்துக்கும் இதுவே நீதி. அதிலே ஒரு கூறு விதைநெல்லாகட்டும். அனுப்புபவரின் முதுகும் ஒருநாள் வளையும் என்பதை எண்ணுங்கள்.

பெரியோர்களே! தாய்மார்களே! சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது என்பதை, குளத்து நீரை அளந்து பார்த்துக் கூட்டத்திலே முடிவு செய்யும் மக்கள் நாம். இரணைமடுவுக்குச் செய்யும் அந்தக் கணக்கை இனி ஒவ்வொரு வீட்டிலும் செய்வோம். கணவனும் மனைவியும் வளர்ந்த பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்து செய்வோம். கடனுடைப்பை முதலில் அடைப்போம். ஒரு போகத்துக் கையிருப்பைத் தேடுவோம். பின்னர் மிகுதியைப் பிரித்துப் பிரித்து வேலைக்கு அனுப்புவோம். ஒவ்வொன்றுக்கும் சான்று வைப்போம்.

இரண்டு முறை எல்லாவற்றையும் இழந்தும் மீண்டும் விதைத்த கைகள் இவை. இக்கைகளுக்கு உழைக்கச் சொல்லித்தர எவரும் வேண்டியதில்லை. உழைப்பின் பயனைக் காக்கவும் கற்றுவிட்டால், நம் பிள்ளைகள் எவர் வாசலிலும் தலைகுனிந்து நிற்க நேராது. வருகிற காலபோகத்து முதல் மூட்டையிலிருந்தே தொடங்குவோம்!